மன்றாட்டு இருக்கிறது, மனு எங்கே?



"செபம் பண்ணுங்க, ஆண்டவர் பாத்துக்குவாரு."

திண்டுக்கல் நகரத்திலும் சுற்றுப்பட்டிகளிலும் இந்த ஆறுதலைக் கேட்காத தலித் கிறித்தவக் குடும்பம் இருக்காது. வேடசந்தூர் பக்கம் மில்லுக்குப் போகும் மகளை சூப்பர்வைசர் தொந்தரவு செய்கிறான் என்று தாய் வந்து அழுகிறாள். செபம் பண்ணும்மா என்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் நமக்கு ஒதுக்கிய மூலையில் தண்ணீர் தேங்குகிறது, மேட்டில் புதைக்க விட மறுக்கிறார்கள். செபம் பண்ணுங்கப்பா என்கிறார்கள். பையனின் சாதிச் சான்றிதழில் மதம் மாறிவிட்டது, கிடைக்க வேண்டிய சீட் கைநழுவிப் போகிறது. ஆண்டவருக்குச் சித்தமானா அடுத்த வருசம் கிடைக்கும் என்கிறார்கள். குழுக்கடன் தவணை கேட்டு வாசலில் ஆள் உட்கார்ந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்துக்கு வாங்க என்கிறார்கள். கத்தோலிக்கரிடம் செபம், சி.எஸ்.ஐ.யிலும் பெந்தெகொஸ்தேயிலும் ஜெபம். எழுத்துதான் வேறு. எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, "இவன் செபத்துக்கு எதிரி" என்று யாராவது பங்குப் பேரவையில் போய்ச் சொல்வார்கள். சொல்லட்டும். நெருக்கடியில் ஒரு மனுஷி முழங்காலில் நிற்பதைக் கேலி செய்ய எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. என் கேள்வி அந்த மனுஷியைப் பார்த்து அல்ல. அவளிடம் "செபம் பண்ணு" என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழாதவர்களைப் பார்த்துத்தான்.

அவர்களுக்கு நெருக்கடி வந்தால்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பங்குக்குச் சொந்தமான நிலத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் நாலடி தள்ளி வேலி போடுகிறார். அப்போது நவநாள் அறிவிக்கிறார்களா? சர்வேயர் வருகிறார். நிலம் அளக்கப்படுகிறது. முன்சீப் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கப்படுகிறது. பள்ளிக்கூடத்துக்கு அரசு மானியம் நின்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடப்படுகிறது.

பெரிய உதாரணங்களும் இருக்கின்றன. கிறித்தவ மாணவர்களுக்குத் தனியாக இடம் ஒதுக்கும் உரிமைக்காக டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991இல் அந்த உரிமையை வென்றும் எடுத்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர்களாக இருக்கும் பாதிரியார்கள், அருட்சகோதரிகளின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் துறவற சபைகளும் மறைமாவட்டங்களும் பல ஆண்டுகள் வழக்காடின. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. தோற்றார்கள், ஆனால் கடைசிப் படிவரை ஏறிவிட்டுத்தான் தோற்றார்கள்.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சட்டம் குடிமகனின் கருவி. அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கொடுத்த உரிமையை அவர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். நல்லது. ஆனால் வரிப் பிடித்தத்துக்கு உச்ச நீதிமன்றம் போகத் தெரிந்தவர்களுக்கு, நம் கல்லறைக்கு மட்டும் ஏன் செபமாலை ஞாபகம் வருகிறது? நிலத்துக்கு வழக்கறிஞர், பிணத்துக்கு ஆறுதல் என்றால் அது விசுவாசம் ஆகாது. அது சாதி.

பைபிளில் செபித்தவர்கள் என்ன செய்தார்கள்?

"வேதத்துல அப்படித்தான் இருக்கு" என்று நம் வாயை அடைப்பார்கள். சரி, வேதத்தையே திறப்போம்.

சோர்ந்துபோகாமல் செபிக்க வேண்டும் என்று சொல்ல இயேசு ஒரு உவமையை எடுக்கிறார். லூக்கா 18ஆம் அதிகாரம். அந்த உவமையில் கோயில் கிடையாது, மெழுகுவர்த்தி கிடையாது. ஒரு கைம்பெண், ஒரு நீதிபதி. கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத நீதிபதி. அவள் போகிறாள், கதவைத் தட்டுகிறாள், தனக்கு நியாயம் வேண்டும் என்கிறாள். துரத்தினாலும் மறுபடி போகிறாள். இவள் தொல்லை தாங்கவில்லை என்று அவன் தீர்ப்பு எழுதுகிற வரை போகிறாள். செபத்துக்கு இயேசு கண்டெடுத்த உவமானமே விடாமல் மனு கொடுக்கும் ஒரு ஏழைப் பெண்தான். இதை வைத்துப் பிரசங்கம் செய்துவிட்டு, மில் தொழிலாளியிடம் "போலீசுக்கெல்லாம் போகாதம்மா, குடும்ப மானம் போயிரும்" என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

நெகேமியா 4ஆம் அதிகாரம். எருசலேம் மதிலைக் கட்டும்போது எதிரிகள் தாக்க வருகிறார்கள். மக்கள் செபிக்கிறார்கள், அதே மூச்சில் இரவும் பகலும் காவலும் போடுகிறார்கள். யாத்திராகமம் 14ஆம் அதிகாரம். முன்னால் கடல், பின்னால் பார்வோனின் படை. மோசே கடவுளை நோக்கி முறையிடுகிறார். கடவுளோ முறையீட்டை விட்டுவிட்டு மக்களை நடக்கச் சொல் என்கிறார். அதன் பிறகுதான் கடல் பிரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம். பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் நள்ளிரவில் செபித்துப் பாடுகிறார்கள். பூமி அதிர்கிறது, சிறைக் கதவுகள் திறக்கின்றன. எல்லா எழுப்புதல் கூட்டங்களிலும் இந்த இடம்வரை வரும், கைதட்டல் எழும், காணிக்கைப் பை சுற்றும். மறுநாள் காலை நடந்ததை யாரும் சொல்வதில்லை. அதிகாரிகள் ஆளனுப்பி இருவரையும் சத்தமில்லாமல் போகச் சொல்கிறார்கள். பவுல் போக மறுக்கிறார். நாங்கள் ரோமக் குடிமக்கள், விசாரணை இல்லாமல் எல்லார் முன்னாலும் எங்களை அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, நீங்களே நேரில் வந்து வெளியே அழைத்துப் போங்கள் என்கிறார். அதிகாரிகள் பயந்துபோய் வந்து கெஞ்சுகிறார்கள். கதவு திறந்த பிறகும் பவுலுக்குத் தன் குடியுரிமை முக்கியமாகப் பட்டிருக்கிறது. பூமி அதிர்ச்சியோடு கதையை முடித்துவிடுகிற பிரசங்கி நம்மிடமிருந்து ஒளிக்கும் பக்கம் இதுதான்.

தமிழிலேயே பாருங்கள். திருப்பலியில் நாம் சொல்வது மன்றாட்டு. மன்று என்றால் வழக்கு கேட்கும் சபை. மன்றாடுவது என்றால் அந்தச் சபையில் நின்று கேட்பது. சொல்லை நம்மிடம் விட்டுவிட்டு மன்றை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள்.

"உன் விசுவாசம் பத்தலை"

செபம் கேட்கப்படாதபோது என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். "விசுவாசம் பத்தலை", "வீட்ல ஏதோ பாவம் இருக்கு", "தசமபாகம் ஒழுங்கா குடுக்குறீங்களா?" சூப்பர்வைசர் செய்த குற்றத்துக்கு அந்தப் பெண்ணின் ஆன்மாவில் காரணம் தேடுகிறார்கள். தாசில்தார் அலுவலகம் மறுத்த சான்றிதழுக்கு அப்பாவின் குடியில் காரணம் தேடுகிறார்கள்.

இதை அண்ணல் அம்பேத்கர் அன்றே பிடித்துவிட்டார். மதம் மாறியவர்களின் நிலை பற்றிய தன் கட்டுரையில் அவர் வைக்கும் குற்றச்சாட்டின் சாரம் இதுதான்: தீண்டத்தகாதவனின் வீழ்ச்சிக்குக் காரணம் அவனைச் சுற்றியுள்ள அநீதியான சமூகம் என்று மிஷனரிகள் கற்றுக்கொடுக்கவில்லை, அவனுடைய பாவமே காரணம் என்று கற்றுக்கொடுத்தார்கள். முன்பு முற்பிறவி வினை, இப்போது ஆதிப்பாவம். ஊர் மாறியது, பெயர் மாறியது, பழி மட்டும் அதே தலையில். பழி தன் மேல்தான் என்று நம்புகிறவன் எந்த அலுவலகத்தில் போய் எதைக் கேட்பான்?

எழுதாத குறை, நடக்காத குறை

இனி நம் எல்லா நெருக்கடிக்கும் அடியில் கிடக்கும் கல்லுக்கு வருவோம். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, அதன் மூன்றாவது பத்தி. இந்து மதத்தைச் சேராதவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவ தலித்தும் இசுலாமிய தலித்தும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். 18 சதவீத எஸ்.சி. ஒதுக்கீடு நமக்கு இல்லை. நம்மைத் தெருவுக்குள் விடாதவர்களோடு ஒரே வரிசையில் நின்று போட்டியிட வேண்டும். நிலக்கோட்டை தனித் தொகுதியில் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. சாதி சொல்லி அடித்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நமக்கு வராது. கிறித்தவராக மாறியவர் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ஒரு பாஸ்டரின் வழக்கில் சொன்னது. அடித்தவனுக்கு நம் சாதி தெரிகிறது, சட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை.

இந்த ஆணையை எதிர்த்து முதலில் போனவர்களில் ஒருவர் சூசை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர், ஆதிதிராவிடர். சாலையோரத்தில் செருப்புத் தைக்கும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தபோது, கிறித்தவர் என்று சொல்லி அவருக்கு மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே சாதிக் கொடுமை அதே கடுமையோடு கிறித்தவத்துக்குள் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளினார்கள்.

போதிய ஆதாரம் இல்லையாம். இந்த ஒரு வரியை நம் பிள்ளைகள் நெஞ்சில் எழுதி வைக்க வேண்டும். 1985இல் தமிழ்நாட்டில் தலித் கிறித்தவருக்கு நடந்த கொடுமைக்கா பஞ்சம்? கல்லறையில் சுவர், கோயிலில் தனி இடம், தேர் வராத தெரு, எல்லாம் இருந்தன. அவையெல்லாம் எங்கே போயின? நவநாளில் கண்ணீராகப் போயின. பாவசங்கீர்த்தனக் கூண்டில் முணுமுணுப்பாகப் போயின. ஜெபக்கூட்டத்தில் "சாட்சி" சொன்னோம். கோர்ட்டு கேட்ட சாட்சியை மட்டும் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் தேதி போட்டு, பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதவில்லை. மனுவாக எழுதப்படாத ஒவ்வொரு குறையும் அரசாங்கத்துக்கு நடக்காத குறை.

அதற்குப் பிறகு ஆதாரங்கள் சேர்க்கப்பட்டன. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. தேசிய சிறுபான்மையினர் ஆணையத்துக்காக சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே 2008இல் கொடுத்த ஆய்வும், தலித் கிறித்தவர்களும் தலித் இசுலாமியர்களும் மற்ற தலித்துகளைப் போலவே பின்தங்கியிருப்பதைக் காட்டியது. 2004இல் உச்ச நீதிமன்றத்தில் போடப்பட்ட வழக்கு இருபது ஆண்டு தாண்டியும் இழுத்தது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டு இரண்டு ஆண்டில் முடிக்கச் சொன்னார்கள், பிறகு காலக்கெடுவை நீட்டினார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நமக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவ நம்பிக்கையைக் கடைப்பிடித்துக்கொண்டே இந்து என்று எஸ்.சி. சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்கிற அளவுக்கு உச்ச நீதிமன்றம் பேசியது.

மோசடியாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், தாலுகா ஆபீசில் ஒரு பெயர் என்று பிள்ளைகளை இரட்டை வாழ்க்கைக்குத் தள்ளியது யார்? கோயிலுக்குப் போவதையும் கல்லூரிக்குப் போவதையும் எதிரெதிராக நிறுத்திய ஆணைதான் மோசடி.

உள்ளே இருக்கும் பார்வோன்

ஆகஸ்ட் 10 வந்தால் கறுப்பு நாள். கறுப்புக் கொடி, உண்ணாவிரதம், ஆயர்களின் அறிக்கை. வரவேற்கிறேன். ஆனால் டெல்லியைப் பார்த்துக் கறுப்புக் கொடி காட்டுகிற கை, தன் பங்கின் கல்லறைச் சுவரைத் தொடுமா என்று கேட்காமல் விட முடியாது.

நெல்லை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்குள்ளேயே சாதி பிரித்துச் சுவர் வைத்தார்கள். 1910இல்தான் அது இடிந்தது, அதற்கும் கோர்ட்டு வழக்கு நடந்தது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். நமக்குப் பக்கத்து மாவட்டமான திருச்சியில், கோட்டப்பாளையம் பங்கின் தலித் மக்கள் கல்லறையிலும் திருவிழாவிலும் பங்கு நிர்வாகத்திலும் தங்களை ஒதுக்குவதாகச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பப்பட்டது. அவர்களும் செபிக்கிற மக்கள்தான். செபித்துவிட்டு எழுந்து போனார்கள்.

திண்டுக்கல் மறைமாவட்டம் பிறந்தது 2003 நவம்பர். அதே மாதம், தமிழ்நாட்டு ஆயர்கள் உரோமைக்குப் போனபோது போப் இரண்டாம் ஜான் பால் அவர்களை நேருக்கு நேர் வைத்து, சாதிப் பாகுபாடு உண்மையான மனித ஒற்றுமைக்கும் திருச்சபையின் பணிக்கும் எதிரானது என்று எச்சரித்தார். நம் மறைமாவட்டத்துக்கும் அந்த எச்சரிக்கைக்கும் ஒரே வயசு. 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று தனி ஆவணமே வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். காகிதத்தில் எதுவும் குறையில்லை. அந்தக் காகிதத்தை உங்கள் பங்கில் என்றைக்காவது வாசித்தார்களா? பேரவையில் எத்தனை பேர் நம் தெருக்காரர்கள்? மேட்டுக் கல்லறை யாருக்கு? இதைக் கேட்டால் "ஒற்றுமைக்காகச் செபிப்போம்" என்பார்கள். மிதிக்கிறவனும் மிதிபடுகிறவனும் சேர்ந்து ஒற்றுமைக்காகச் செபித்தால், கால் எடுக்கப்படுமா?

திண்டுக்கல் காட்டிய வழி

நம் மாவட்டத்தின் பெயரை உலகம் முழுக்கத் தொழிலாளர்கள் சொல்கிறார்கள். பூட்டுக்காகவும் பிரியாணிக்காகவும் அல்ல.

2021 ஜனவரியில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அந்த ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அந்தத் தங்கைக்காக இங்கே செபம் செய்தவர்கள் இருந்திருப்பார்கள், மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் இருந்திருப்பார்கள். அத்தோடு நின்றிருந்தால் இன்னொரு பெயர், இன்னொரு கல்லறை, அவ்வளவுதான்.

நிற்கவில்லை. அந்தப் பெண் உறுப்பினராக இருந்த தொழிற்சங்கம், பெண்களால் நடத்தப்படும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், மற்றப் பெண்களின் வாக்குமூலங்களைச் சேகரித்தது. தாங்களும் தொந்தரவுக்கு ஆளானோம் என்று பெண்கள் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். அங்கே தைத்த துணி எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று பார்த்து அந்தக் கம்பெனியின் கதவைத் தட்டினார்கள். ஆசியத் தொழிலாளர் அமைப்புகளும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்புகளும் கூட நின்றன. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேனும், எச் அண்ட் எம் நிறுவனமும், சங்கமும் கையெழுத்துப் போட்டன. பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. அதன் பெயர் திண்டுக்கல் ஒப்பந்தம். பாலியல் தொந்தரவும் சாதிப் பாகுபாடும் கூடாது, தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் இருக்க வேண்டும், புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது, ஆலை மீறினால் வாங்குகிற கம்பெனியே அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கினார்கள்.

சேரியிலிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போகிற பெண்கள், பதினைந்து மாதத்தில், உலகத்தின் பெரிய துணிக் கம்பெனிகளை மேசைக்கு இழுத்து வந்தார்கள். லூக்கா 18இன் கைம்பெண் எப்படி இருப்பாள் என்று யாராவது கேட்டால், திண்டுக்கல் மில் பஸ்ஸில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

"ஏழைக்கு அதையும் புடுங்காதீங்க"

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஒன்றுமில்லாதவர்களுக்கு இருந்த ஒரே துணை செபம், அதையும் நீங்கள் பறிக்கிறீர்களே என்பார்கள். நம் பாட்டிகளுக்கு ஆஸ்பத்திரி இல்லை, கோர்ட்டு இல்லை, கடன் கொடுக்க ஆள் இல்லை. இருந்தது செபமாலையும் கண்ணீரும்தான். ஊர்க் கோயில் தெருவில் நடக்கவிடாத காலத்தில், ஓலைக் கூரைச் சிற்றாலயத்தில் பாயில் உட்கார்ந்து எழுத்துப் படித்தோம். கூடி உட்காரும் பழக்கம் அங்கேதான் வந்தது. அதை மறக்கிறவன் நன்றி கெட்டவன்.

ஆனால் பாட்டி செபித்தது வேறு வழி இல்லாததால். பேரப்பிள்ளைக்கு வழி இருக்கும்போது, வழி இல்லாதவனைப் போலவே செபி என்று சொல்வது பாட்டிக்குச் செய்யும் மரியாதை அல்ல. அவள் கேட்ட வரமே பேரப்பிள்ளைக்கு ஒரு வழி வேண்டும் என்பதுதானே?

செபத்தை விடாமல் போராடியவர்கள் நமக்கு உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, நம் பரட்டை அண்ணன், தீட்டு என்று ஒதுக்கிய பறையையும் நாட்டுப்புறப் பாட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஏசு சபைப் பாதிரியார் ஸ்டேன் சுவாமி, நடுக்குவாதத்தோடு சிறையில் இருந்தபோது ஒரு உறிஞ்சு குழலுக்காகக் கோர்ட்டில் மனுப் போட்டார். அந்த மனிதருக்குச் செபிக்கத் தெரியாதா? தண்ணீர் குடிக்கும் குழல் தன் உரிமை என்று தெரிந்ததால் மனுப் போட்டார். 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே இறந்தார். அவர் எழுதிக்கேட்டதால்தான் இந்த அரசின் முகம் உலகத்துக்குத் தெரிந்தது.

இனி செய்ய வேண்டியது

தம்பி தங்கைகளே, உணர்ச்சி போதும், வேலைக்கு வாருங்கள்.

ஒன்று. உங்கள் தெருவில் அன்பியக் கூட்டம் நடக்கிறதல்லவா, அங்கே ஒரு நோட்டு வையுங்கள். யாருக்காகச் செபிக்கச் சொல்கிறார்களோ, அவர்கள் குறையை முதலில் நோட்டில் எழுதுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் செய்தது, யார் பார்த்தது. அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள், நோட்டைப் பத்திரமாக வையுங்கள். செபம் முடிந்ததும் மனு எழுதுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். கூட்டமாகப் போய்க் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

இரண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வராது என்றதும் உட்கார்ந்துவிடாதீர்கள். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை எந்த வடிவத்திலும் ஒழித்தது, மதம் பார்த்து ஒழிக்கவில்லை. 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு வழிபாட்டு இடத்தையும், 4ஆவது பிரிவு இடுகாடு, சுடுகாட்டையும் பேசுகின்றன. தீண்டாமை காரணமாக எவரையும் தடுப்பது குற்றம் என்கின்றன, பாதிக்கப்பட்டவரின் எஸ்.சி. சான்றிதழைக் கேட்கவில்லை. படியுங்கள், வழக்கறிஞர் தோழர்களிடம் கொண்டுபோங்கள்.

மூன்று. மில்லிலோ ஆபீசிலோ பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்தையும் உபவாசத்தில் கழித்துவிட்டால் நஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தான். சங்கத்தில் சேருங்கள், சேர்த்துவிடுங்கள்.

நான்கு. எஸ்.சி. ஒதுக்கீடு இல்லை என்பதால் எல்லாமே இல்லை என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மேற்படிப்புக் கல்வி உதவித்தொகையைத் தமிழ்நாடு அரசு மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்கும் கொடுக்கிறது. ஒவ்வொரு கல்லூரி நோட்டீஸ் போர்டிலும் அந்த வரி இருக்கும். தேடிப் படித்து, தெருவில் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள்.

ஐந்து. பங்குப் பேரவையில் எழுந்து கேளுங்கள்: நிலத்துக்காக வாதாடும் மறைமாவட்ட வழக்கறிஞர் எங்கள் கல்லறைக்காக எப்போது வருவார்? 2016 கொள்கையை இந்தப் பங்கில் எந்தத் தேதியில் நடைமுறைப்படுத்துவீர்கள்? பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

பசித்தவனைப் பார்த்துச் "சமாதானமாய்ப் போ" என்று வாயால் மட்டும் வாழ்த்துவது விசுவாசம் இல்லை என்று யாக்கோபு தன் நிருபத்தில் அடித்துச் சொல்லியிருக்கிறார். ஆகையால், அடுத்த முறை யாராவது உங்கள் அம்மாவிடம் "செபம் பண்ணுங்க" என்று சொன்னால், கோபப்படாதீர்கள். "பண்றோம் சாமி, இந்த மனுவுல நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டுங்கள். போடுகிறவரைத் தோழர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். போடாதவர் யார் பக்கம் என்பது அம்மாவுக்கே தெரிந்துவிடும்.

அடுத்த ஆகஸ்ட் 10க்குள் ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோட்டு நிரம்பியிருக்க வேண்டும். ஆதாரம் எங்கே என்று இனி எந்த நீதிமன்றம் கேட்டாலும், எடுத்துக் கொடுக்க நம் கையில் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.